ஆர்லிஸ் பாட்டின் மூன்றாம் சரணம்

என் புது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்ததும் நாலு வினாடி ஒருவன் சிரிப்பது கேட்கிறதே, அது யார் என்று கேட்ட முதல் பத்திரிகைக்காரர் நீங்கள்தான். மற்றவர்கள் 'ஏழைகளின் மனசாட்சி' என்று எழுதிவிட்டு, என் வீட்டுப் பன்றிக்கறியையும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உங்களுக்குக் காது இருக்கிறது.

அது ஆர்லிஸ் கூம்ஸ், என் பழைய பிடில்காரன். அந்தப் பாட்டே அவனைப் பற்றியதுதான். செய்யாத கொலைக்கு மாநில அரசு விஷ ஊசி போட்டுக் கொன்ற அப்பாவி.

எழுபத்தொரு வயதில் இப்படியொரு ஆல்பம் வருமென்று நானே நினைக்கவில்லை. மூடிய சுரங்கம், மாத்திரைக் கம்பெனி, துப்பாக்கிக் கடை, பங்களா கட்டிய பாதிரியார் என்று பாட்டில் ஒருவரையும் விடவில்லை. நாஷ்வில் கச்சேரியில் முன்வரிசைச் சீமாட்டிகள் ஏழைகளுக்காகத் தேம்பித் தேம்பி அழுதார்கள். பிறகு விருந்துக்குப் போனார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டே காலுக்கு ஒரு பெட்ரோல் பங்க் முதலாளியை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பழி ஆர்லிஸ் மேல் விழுந்தது. அந்நேரம் நாற்பது மைல் தள்ளி என் கொட்டகையில் பிடில் வாசித்துக்கொண்டிருந்ததாக அவன் சொன்னான். போலீஸ் என்னைக் கேட்டபோது எந்தச் சனிக்கிழமை என்று நினைவில்லை என்றேன். அது பொய்யில்லை. நான் குடித்த குடிக்கு அந்த வருஷம் என் பெயர் நினைவிருந்ததே பெரிய விஷயம். கொட்டகையில் நாங்கள் வாசிப்பதையெல்லாம் டேப்பில் பதிவு செய்த ஹாய்ட் அதற்குள் செத்துப்போயிருந்தான்.

ஒன்பது வருஷம் கழித்துத் தண்டனைக்குத் தேதி குறித்தார்கள். ஆர்லிஸின் அக்கா நெல்டா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், என்னிடம் வந்தாள்.

"மிஸ்டர் வெஸ்லி, அந்த டேப்பெல்லாம் ஒரு தடவ போட்டுக் கேட்டுருங்க. ஹாய்ட் ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி தேதி, மணி சொல்லுவாரே. அது ஒண்ணு கெடச்சா போதும்னு வக்கீல் சொல்றாரு."

தேடுகிறேன் என்றேன். தேடினேன். கொடுத்த வாக்கை நான் மீறுவதில்லை.

மூன்றாம் நாள் கிடைத்தது. ஹாய்ட் தேதியைச் சொல்கிறான், மணி பன்னிரண்டு பத்து என்கிறான், பிடில் ஆர்லிஸ் கூம்ஸ் என்கிறான். ஆர்லிஸ் அவனைக் கிண்டலடித்துவிட்டு வாசிக்கத் தொடங்குகிறான்.

என் நிலைமையை யோசியுங்கள். இரண்டு வருஷமாக மேடையில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் சரணத்தில் அவனைக் கட்டிலில் கட்டி ஊசி போடுவார்கள். அங்கேதான் ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். அவன் விடுதலையாகி அக்கா வீட்டில் சோளரொட்டி தின்றுகொண்டிருந்தால் நான் எதைப் பாடுவது? தவிர, ஒருத்தனை விட்டுவிட்டால் 'பார்த்தீர்களா, எங்கள் சட்டம் நல்ல சட்டம்' என்று பெயர் வாங்கிக்கொள்வார்கள். அந்த அயோக்கியத்தனத்துக்கு நான் துணைபோக முடியுமா?

சிறைக்குப் போனேன். கிதாரை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டெலிபோனிலேயே பாடிக் காட்டினேன். முழுக்கக் கேட்டான்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணாவது சரணத்துலயே என்னைக் கொன்னுட்டீங்களே, பெருசு. இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு."

பிறகு டேப் கிடைத்ததா என்று கேட்டான். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"மெதுவா தேடுங்க. நான் எங்க போகப்போறேன்" என்றான்.

மறுநாள் காலை அந்த டேப்பையே மெஷினில் ஏற்றி, அதன் மேலேயே அவன் பாட்டைப் பதிவு செய்தேன். பழைய டேப்பில்தான் குரலுக்கு ஒரு சூடு வரும். ஒரே மூச்சில், பிசிறில்லாமல் வந்தது. புதுப்பாட்டு கொஞ்சம் குட்டை, அதனால் பழைய பதிவின் கடைசியில் ஆர்லிஸ் சிரிக்கும் நாலு வினாடி அழியவில்லை. கேட்க அழகாக இருந்தது, விட்டுவைத்தேன்.

டேப்பை எலி கடித்துவிட்டது என்று நெல்டாவிடம் சொன்னேன். பாவம், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது தேடிப் பாத்தீங்களே" என்றாள். அவனை அடக்கம் செய்தபோது என்னைத்தான் பாடச் சொன்னாள். மூன்றாம் சரணத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. டேப்பை வேண்டுமென்றே அழித்தது நான். ஆனால் ஆர்லிஸைக் கொன்றது மாநிலம். அதை எதிர்த்து இந்த நாட்டில் என்னைவிட உரக்கப் பாடியவன் ஒருத்தன் இருந்தால் சொல்லுங்கள்.