கிழக்குப் பார்த்த மூலை மனை

— டைப் தெரியுமான்னு கேட்டா சொல்லமாட்டேங்கே. சுருக்கெழுத்துக் கேட்டாலும் அதே கதைதான். பொறவு எதுக்கும்மா இன்டர்வியூவுக்கு வந்தே?

— தெரியும்னு வாயத் திறந்தா மூலையில ஒரு மெஷினைக் காட்டி உக்காருன்னுடுவீங்க சார். நான் வந்தது மனை விக்கிற வேலைக்கு.

— கேட்டீரா ஓய் சேஷாத்ரி, பேச்சை?

— கேட்டுண்டுதான் இருக்கேன் முதலாளி. பேர் ஐரின். பி.ஏ. எகனாமிக்ஸ். பத்து மணிக்கு வரச்சொன்ன பொண்ணு பதினொண்ணரைக்கு வந்து நிக்கறா. அதையும் நன்னா கேளுங்கோ.

— லேட்டுக்கு நான் பொறுப்பில்ல சார். பேப்பர்ல வெங்கடநாராயணா ரோடுன்னு போட்டிருந்தீங்க. அங்க போய் நின்னப்புறந்தான் ஆபீஸ் பாண்டி பஜாருக்கு வந்துடுச்சுன்னு தெரிஞ்சுது. நடந்தே வரேன்.

— ஐயோ, அது என் தப்பு முதலாளி. விளம்பரத்துல பழைய விலாசத்தை மாத்தாமயே அனுப்பிட்டேன்.

— நல்லா இருக்கு ஓய். என் வீட்டு முன்ரூம்ல ஆபீஸ் நடத்துன காலமெல்லாம் போயிட்டு. நீரு இன்னும் ஊரையே என் வீட்டுக்கு அனுப்புதீரா? சரி, லேட்டை விட்டுத் தள்ளு. ஆனா இது பொம்பளப் பிள்ள செய்யுத வேலை இல்ல, கேட்டியா. நம்ம மனையெல்லாம் வேளச்சேரியில. ஏரியைத் தாண்டிப் பொட்டல்ல நிக்கணும். வெயிலு மண்டையப் பொளக்கும்.

— 'பட்டதாரிகள் தேவை'ன்னுதான் சார் போட்டிருந்தீங்க. மீசை தேவைன்னு போடல.

— ஹூம். வீடு எங்க?

— சாந்தோம்.

— சாந்தோம்ல எங்கேம்மா? கான்வென்ட் டீச்சர் குடும்பமோ?

— இல்ல மேனேஜர் சார். சர்ச்சுக்குப் பின்னால குப்பம். அப்பா கட்டுமரம் போறாரு. அம்மா கூடையில மீன் விக்கிறாங்க. எங்க குடும்பத்துல பேனா புடிச்ச மொத ஆளு நான். போற இடத்துலெல்லாம் இதே கேள்வி, இதே பதில். அதுக்கப்புறம் மின்விசிறியைப் பாத்துக்கிட்டு 'சொல்லி அனுப்பறோம்'பாங்க. நீங்களும் அதைத்தான் சொல்லப்போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. பஸ்ஸுக்காவது சீக்கிரம் போவேன்.

— கோவத்தைப் பாரும் ஓய். இந்தக் கோவத்தை வெச்சுக்கிட்டு மனை வாங்க வாரவன்கிட்ட எப்படிப் பேசுவே?

— அவர்கிட்ட பேசவே மாட்டேன் சார். அவர் சம்சாரத்துக்கிட்டதான் பேசுவேன்.

— எதுக்கு?

— ஆம்பள வாசல்ல நின்னா எங்கம்மா கூடையையே எறக்கமாட்டாங்க. அவரு விலை கேப்பாரு, செவுளைத் தூக்கிப் பாப்பாரு, உள்ள போயிடுவாரு. அந்த வீட்டு அம்மா வெளிய வந்தாத்தான் வியாபாரம். உங்க ஆளுங்க இன்னா பண்றாங்க? ஆபீஸ் விட்டு வர்ற ஆம்பளைங்க கையில நோட்டீசைத் திணிக்கிறாங்க. அவரு அதை மடிச்சு சட்டைப் பையில வைக்கிறாரு. சட்டை சலவைக்குப் போகுது, உங்க நோட்டீசும் கூடவே போகுது.

— முதலாளி, அது வாஸ்தவம். மேற்கு மாம்பலத்துல நாங்க இருக்கற போர்ஷனை யார் பாத்தாங்கறேள்? எங்காத்துக்காரிதான். நான் பெட்டியைத் தூக்கிண்டு பின்னால போனதோட சரி.

— நீரு சும்மா இரும். ஏ பிள்ள, வாடகைக்கு வீடு பாக்கது வேற, மண்ணு வாங்குதது வேற. பொம்பளைக்கு நகை நட்டு போதும். மண்ணு அவளுக்கு எதுக்கு?

— அந்த நகையைக் கழட்டித்தானே சார் உங்க மண்ணை வாங்கறாங்க? கழட்டறது அவ கழுத்துலேந்து, பத்திரம் எழுதறது அவரு பேர்ல. இன்னா சார் நியாயம் இது?

— இன்னாவா?

— கோவம் வந்தா எனக்கு இன்னாதான் வரும் சார். காலேஜ்ல சிஸ்டருங்களே திருத்த முடியல. கிறிஸ்துமஸுக்குள்ள வேலை கிடைக்கலன்னா சர்டிபிகேட்டைப் பெட்டியில போட்டுட்டு கூடையைத் தூக்குன்னு அப்பா சொல்லிட்டாரு. கூடை தூக்க எனக்கு வெக்கமில்ல. ஆனா எங்கம்மா அந்தக் கூடையைச் சுமந்துதான் என்னைப் படிக்கவெச்சாங்க. திரும்ப அதையே அவங்க கையிலேந்து வாங்கினா அவங்க மூஞ்சியை எப்படிப் பாக்கறது?

— சரி சரி, தண்ணியக் குடி. உன்னை வேலைக்கு வெச்சா என்ன செய்வே? அதைச் சொல்லு.

— மத்தியானத்துல போவேன் சார். ஆம்பளைங்க ஆபீஸ்ல, பிள்ளைங்க ஸ்கூல்ல. வீட்டு வேலையும் முடிஞ்சிருக்கும். வீடு வீடா உக்காந்து மனைப் படத்தை விரிப்பேன். உங்க அடுப்படி இங்க வரும், கெணறு இங்க வரும், வாடகை வீட்டுச் சொந்தக்காரி மாதிரி ஆணி அடிக்காதேன்னு சொல்ல எவளும் இருக்கமாட்டான்னு சொல்வேன். ஞாயித்துக்கிழமை இடம் காட்டக் கூட்டிட்டுப் போறீங்களே, அதுல ஒரு வேன் பொம்பளைங்களுக்குன்னு தனியா விடுங்க. புருஷன் கூட வந்தா வாயத் திறக்காதவங்கல்லாம் அந்த வேன்ல எப்படிப் பேசறாங்கன்னு பாருங்க.

— லேடீஸ் வேனா?

— பேஷ். முதலாளி, ஆளுக்கு ஒரு புளியோதரைப் பொட்டலம் குடுத்தோம்னா...

— இரும் ஓய், பொட்டலத்துக்குப் பொறவு வருவோம். இந்தப் புள்ள பேசப்பேச எனக்கே உடம்பு சிலுக்குது. மெட்ராஸ்ல ஒரு பயலும் இதை யோசிக்கலியே. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டியா? பேச்சு வேற, வியாபாரம் வேற. ஒரே ஒரு பொம்பள, புருஷன்கிட்ட கேக்காம, எனக்கு என் பேர்ல மனை வேணும்னு சொல்லட்டும். அன்னைக்கே உனக்கு வேலை. திருச்செந்தூரான் மேல சத்தியம்.

— மேனேஜர் சார், நீங்க சாட்சி.

— நன்னா சாட்சி.

— அப்ப இன்னிலேந்தே எனக்கு வேலை சார். காலையிலேயே ஒரு மனையை வித்துட்டுத்தான் வந்தேன்.

— என்னது?

— ஒரு வீட்டுல நின்னு தண்ணி கேட்டேன். அந்த அம்மா மோரு குடுத்து உக்காரச் சொன்னாங்க. எனக்குப் படபடன்னு இருந்துதா, உங்ககிட்ட சொல்றதுக்கு வெச்சிருந்ததை அவங்ககிட்டயே சொல்லிப் பாத்தேன். பேப்பர்ல வந்த மனைப் படத்தையும் காட்டினேன். அவங்க உள்ள போய் கண்ணாடியை எடுத்துக்கினு வந்துட்டாங்க. 'இத்தனை வருஷத்துல ரேஷன் கார்டைத் தவிர எதுலயும் என் பேரு இல்லம்மா'ன்னாங்க. கிழக்குப் பாத்த மூலை மனை வேணுமாம். பேசிக்கிட்டே இருக்கும்போது கையில கெடந்த ரெண்டு வளையலைக் கழட்டி சாமி படத்துக்கு முன்னால வெச்சுட்டாங்க, முன்பணத்துக்குன்னு. எனக்குக் காலு தரையில நிக்கல சார். பாண்டி பஜார் வரைக்கும் ஓட்டமும் நடையுமா வந்தேன்.

— அந்த மூலை மனைதான் முதலாளி விக்காமக் கிடக்கு.

— தெரியும் ஓய், தெரியும். ஆனா நாளைக்கு அவ புருஷங்காரன் கம்பைத் தூக்கிட்டு வந்து நிப்பானே.

— வந்தா இன்னா சார் பண்ணுவீங்க?

— எங்கிட்ட அனுப்பு. பொண்டாட்டி பேர்ல ஒரு துண்டு மண்ணு வாங்கப் பொறுக்காதவன் என்னடே ஆம்பளைன்னு கேக்கேன். அந்தப் பொம்பள இத்தன வருஷம் பொங்கிப் போட்டதுக்கு ஒரு மூலை மனை தரமாட்டியான்னு நாக்கைப் புடுங்குத மாதிரி கேட்டு அனுப்புதேன். போதுமா?

— அவரு ரொம்பப் பெரிய ஆளு சார்.

— எவ்வளவு பெரிய கொம்பனா இருந்தா எனக்கென்ன? இந்த வெள்ளைச்சாமி சொன்னா சொன்னதுதான்.

— மேனேஜர் சார், இதுக்கும் நீங்கதான் சாட்சி.

— சாட்சி, சாட்சி. முதலாளி, ஆர்டரை அடிச்சுடட்டுமா?

— அடியும் ஓய். இன்னைத் தேதியே போடும். ஏ பிள்ள, அந்த அம்மா விலாசத்தைச் சொல்லு. இப்பவே நானே நேர்ல போயி பேசி முடிக்கேன்.

— தனியா ஒரு நடை போகவேணாம் சார். நீங்க பேப்பர்ல போட்ட விலாசந்தான். மத்தியானம் எப்படியும் சாப்பாட்டுக்கு அங்கதானே போவீங்க.