டி டிரைவ் என்று ஒன்று கிடையாது

எனக்குத் தூசி ஆகாது, ஐயா. எங்கள் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டருக்குத் துணி உறை தைத்துப் போட்டவன் நான்தான். என் பெயர் ஆரோக்கியராஜ். லால்குடிக்காரன். கொல்லிமலைக்கு வேலைக்கு வந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது.

தொண்ணூற்றாறில், பட்டா இல்லாமல் யார் எந்தக் காட்டில் பாடுபடுகிறார்கள் என்று மலை முழுக்கக் கணக்கெடுத்தோம். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் எல்லை வரைபடம். அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க்கில் இன்றைய கல்யாண வீடியோ ஐந்து நிமிடம்கூட நிற்காது. இடம் போதாமல், சுருக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டேன். டி என்று புதிதாக ஒரு டிரைவ் வந்தது. உண்மையில் அப்படி ஒரு டிரைவே கிடையாது. சி டிரைவில் மறைந்திருக்கும் ஒரே ஒரு ஃபைல்தான் அது. கணக்கெடுப்பு மொத்தமும் அதற்குள் அடக்கம். அது போனால் எல்லாம் போயிற்று. இதை எத்தனையோ அதிகாரிகளுக்கு விளக்கியிருக்கிறேன். பாதியில் டீ வந்துவிடும்.

காகிதப் படிவங்களைக் கரையான் தின்றது. பிளாப்பிகளில் பூஞ்சை பிடித்தது. காட்டுக்குச் சான்று கேட்டு வருகிறவர்களுக்குத் திரையைப் பார்த்து நானே கையால் எழுதிக் கொடுத்தேன். ஊரில் என் மனைவி ரோஸ்லின் வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குத் தனியாகப் போய்வருகிறாள். மாறுதல் கேட்டுப் பதினோரு மனு போட்டேன். எங்கள் அதிகாரி நவநீதகிருஷ்ணன் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார்.

“நீங்க போயிட்டா அந்தப் பெட்டியத் தொறக்கறது யாருங்க?”

எரிச்சலாக இருக்கும். வீட்டுக்கு போன் செய்து இதை அப்படியே ரோஸ்லினிடம் சொல்வேன்.

இந்த வருடம் திண்ணனூர் நாட்டுப் பாவாயியின் மிளகுக் காட்டைத் தன்னுடையது என்று ஒருவர் வழக்குப் போட்டார். கையால் எழுதியது செல்லாது, மூலப் பட்டியல் வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த அம்மா திங்கள்தோறும் பஸ் பிடித்து வருவார்.

“என்ர ஊட்டுக்காரரு பேரு உள்ள பத்திரமா இருக்குதுங்களா, சாமி?”

“இருக்கும்மா. நான் இருக்கேன்ல.”

பட்டியலை வெளியே எடுக்க நாமக்கல்லிலிருந்து ராதிகா என்ற பெண்ணை வரவழைத்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இவ்வளவுதானுங்களா சார்? அந்த ஒரு ஃபைல காப்பி பண்ணி என்ர லேப்டாப்புல தொறந்துக்கலாமுங்க. அரை மணி நேர வேலை.”

சாப்பிட்டுவிட்டுக் கேபிள் எடுத்துவருவதாகச் சொல்லிப் போனார். நவநீதகிருஷ்ணன் அங்கேயே என் மாறுதலுக்குப் பரிந்துரை எழுதிக் கையில் கொடுத்தார்.

“இனி நிம்மதியா ஊருக்குப் போங்க.”

நன்றி சொன்னேன். அவரும் சாப்பிடப் போனார்.

சுருக்கும் மென்பொருள் ஏறாதபடி கம்ப்யூட்டரைத் துவக்கினேன். ஃபைலின் மறைப்பை நீக்கி அழித்தேன். வெறுமனே அழித்தால் மீட்டுவிடலாம். அதனால் ஒரு சுற்றறிக்கையைத் திரும்பத் திரும்ப நகலெடுத்து டிஸ்க்கை நிரப்பினேன். டிஸ்க்கைச் சோதித்தபோது நீங்கள் அதில் கண்டது அதைத்தான். கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்க, நான் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். எலுமிச்சை சாதம்.

ராதிகா வந்து கேபிளைச் செருகிப் பார்த்ததும், அவர் தொட்டதில்தான் டிஸ்க் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு வேலை போனது. பாவாயி வழக்கில் தோற்றார். காட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டாயிற்றாம். தீர்ப்பன்று என்னைத் தேடி வந்தார்.

“மெசினு செத்துப்போனா நீங்க என்ன பண்ணுவீங்க, சாமி. மனச உட்றாதீங்க.”

மாறுதலுக்காகச் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். அதுதான் கையில் வந்துவிட்டதே. அந்தத் தாளை நான் இன்னும் மேலே அனுப்பவில்லை. எப்படி அனுப்புவது? நானூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் எனக்கு மனப்பாடம். உங்கள் ஆட்கள் என்னை அழைத்துவந்த அன்றுகூட வாசலில் நாலு பேர் நின்றார்கள். அவர்களுடைய காடு, எல்லை எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினேன். பாவம், அந்த ஜனங்களுக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?