வலப்பக்கச் சிலிண்டர்

இப்போது ஓடுகிற பந்தய வண்டிகளுக்கு வாசனை கிடையாது. நீங்கள் வயதில் சின்னவர், உங்களுக்கு அது தெரிய நியாயமில்லை. எங்கள் காலத்து மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ பந்தயங்களில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வண்டிகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று சொல்லிவிடலாம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலிலேயே விளக்கெண்ணெயைக் கலந்து ஊற்றுவோம். அது எரிந்து வரும் நீலப் புகையில் ஒரு தித்திப்பு உண்டு. எங்களை 'விளக்கெண்ணெய் வீடு' என்று கேலி செய்தார்கள். நாங்கள் ஜெயிக்கத் தொடங்கியதும் அதையே மரியாதையாகச் சொன்னார்கள்.

அணி என்றால் நானும் என் தம்பியும்தான். எஞ்சின் கட்டுவது நான், ஓட்டுவது அவன். எண்ணெய் கலக்கும் கேனை என் கை தவிர வேறு கை தொட்டதில்லை. அப்பா ஏற்படுத்திய ஒழுங்கு அது. எண்ணெய் போதாவிட்டால் பிஸ்டன் சூட்டில் உப்பிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். சீஸ் ஆவது என்போம். பின்சக்கரம் அந்த நொடியே நின்றுவிடும். ஓட்டுகிறவன் நிற்க மாட்டான். அதனால் அந்தக் கால ஓட்டுநர்கள் இடக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கிளட்ச் மேலேயே வைத்திருப்பார்கள். எஞ்சின் குரல் கம்மியதும் இழுத்தால் சக்கரம் விடுபடும், உயிர் தப்பும். சாப்பாட்டு மேசையில்கூடத் தம்பியின் அந்த இரண்டு விரலும் விளிம்பைப் பிடித்து வளைந்திருக்கும்.

நான் கட்டிய எந்த எஞ்சினும் பந்தயத்தில் சீஸ் ஆனதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் செய்ததற்குக் காரணம் கேட்கிறீர்கள். சொல்லாவிட்டால் கிழவன் உளறுகிறான் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் போலிருக்கிறது. ஆகவே சொல்கிறேன்.

நாங்கள் கோப்பை வாங்கிய வருடம், கடைசிப் பந்தயம். எங்கள் வண்டிக்கு இரண்டு சிலிண்டர். பந்தயம் முடிந்ததும் அளவு பார்ப்பவர்கள் ஒன்றை மட்டும் கழற்றச் சொல்லி, அளந்து, இரண்டால் பெருக்குவார்கள். கழற்றச் சுலபம் என்பதால் எப்போதும் இடப்பக்கம்தான். வேகம் கூடட்டும் என்று வலப்பக்கத்தை நான் விதிக்கு மேல் கொஞ்சம் அகலமாகக் கடைந்திருந்தேன். வேறு வேறு அளவுச் சிலிண்டர்களை ஒரே எஞ்சினில் அதிராமல் ஓடவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

எங்களுக்குப் போட்டியாக இருந்தவனை நெட்டை என்று கூப்பிடுவோம். பயிற்சி ஓட்டத்தில் எங்கள் வேகத்தை அவனால் எட்ட முடியவில்லை. பந்தயத்தன்று பெட்ரோல் வரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வந்தான். அப்படிச் செய்தால் வேகம் கூடும். ஆனால் பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் எண்ணெயும் குறையும். எஞ்சின் சீஸ் ஆகி, சுவரில் போய் மோதினான். கைக்குழந்தையாக ஒரு மகள் இருந்தாள். பேராசையால் செத்தான் என்று ஊர் பேசியது. நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அந்த எஞ்சினை விற்க முடியவில்லை. வாங்கியவன் திறந்து பார்ப்பான். வீட்டைப் பூட்டிக்கொண்டு நாலு நாள் வெளியூர் போக முடியவில்லை. வேறு எவனாவது திறந்து பார்ப்பான். மாடியில் தம்பி, கீழே நானும் என் குடும்பமும், நடுக்கூடத்தில் கண்ணாடிக்குள் கோப்பை. பழைய வண்டிகள் மேல் பித்துப் பிடித்தவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, புகையை மோந்து, அழுதுவிட்டுப் போவார்கள். என்ன ரகசியம் ஐயா என்று கேட்பார்கள். தம்பி என் முகத்தைப் பார்ப்பான். வாழ்நாள் முழுக்க இப்படியே போயிற்று. அவனை விட்டு நான் நகர முடியாது, என்னை விட்டு அவன் நகர முடியாது.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைத் தடத்தில் ஓட்டிக் காட்டும் நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. நெட்டையின் மகளும் வருகிறாள் என்றார்கள்.

"அண்ணா, மைக்கைக் குடுத்தா சொல்லிடப் போறேன்" என்றான் தம்பி.

"என்னத்தடா சொல்லப் போற?"

"வலது பக்கத்தைத்தான். அப்பன் பேராசைக்காரன்னு கேட்டுக் கேட்டே வளந்திருக்கு அந்தப் பொண்ணு."

"நம்ம அப்பா பேரு என்னடா ஆகறது?"

"அவரு போயி எவ்வளவு காலமாச்சு. நாம ரெண்டு பேரும் இன்னும் அவருக்கு வாட்ச்மேன் வேலை பாக்கறோம். உனக்காவது சம்பளம் வருதா? எனக்கு வரலை."

சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் செய்யவில்லை. அப்படி எழுதிவிடாதீர்கள்.

வாதம் வந்து, கிளட்சுக்கான அந்த இரண்டு விரலும் அவனுக்கு மடங்காமல் போய் வெகுகாலம். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். மற்ற இரண்டு விரலால் கிளட்சை இழுத்துக் கிளம்பிவிடுவான். வேகத்தில் அந்த விரல்கள் கைப்பிடியைப் பற்றியாக வேண்டும். கிளட்சுக்கு விரல் மிச்சம் இல்லை.

சரியான கலவையை ஊற்றி எஞ்சினைச் சூடேற்றினேன். கூட்டம் கைதட்டியது. பிறகு பெட்ரோல் தொட்டியை வடித்துவிட்டு வேறு கேனிலிருந்து நிரப்பினேன். அதில் எண்ணெய் இல்லை. ஹெல்மெட் வாரையும் நான்தான் மாட்டிவிட்டேன்.

"மெதுவா போடா, வயசாச்சு."

"உனக்கு ஆச்சு, கெழவா."

மெதுவாகப் போகச் சொன்னால் முழு வேகத்தில் போவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இரண்டாவது சுற்றில் அவனுக்குப் பின்னால் நீலப் புகை இல்லை. கவனித்தவன் நான் ஒருவன்தான். பிறகு எஞ்சின் குரல் கம்மியது. வண்டிகளை நிறுத்தக் கொடி காட்டுகிறவர் என் பக்கத்திலேயே நின்றார். அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நெட்டையின் மகள் வீட்டுக்கு வந்தாள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டாள். அந்த உரிமையை யார் கொடுத்தார்களோ.

"அன்னிக்குக் காலைலயே சித்தப்பா என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு, பெரியப்பா. எனக்குத் தெரிஞ்சதே போதும், மேடையில வேண்டாம், உங்கண்ணன் தாங்க மாட்டாருன்னேன். சரின்னுட்டாரு."

இதை அவன் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பொத்தான் போடும்போது முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தான், வாயைத் திறக்கவில்லை. அது அவன் தவறு.

இதோடு நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் உங்கள் விசாரணை முடிவு பத்திரிகையில் வந்தது. பழைய எஞ்சின், கட்டியதில் கோளாறு, அதனால் சீஸ் ஆனது என்று. திறந்து பார்த்தீர்களாம், நீங்களும் இடப்பக்கத்தை மட்டும்தான். தொட்டி உடைந்து பெட்ரோல் எல்லாம் எரிந்துபோனதால் வேறொன்றும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. பேத்தி அதை உரக்கப் படித்தாள். கட்டியதில் கோளாறு என்ற இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று. என் வீட்டில், என் எஞ்சினைப் பற்றி.

அதற்குத்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சினில் கோளாறு இல்லை. எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றியவன் நான். தெரிந்தே ஊற்றினேன், அவன் சாக வேண்டும் என்று ஊற்றினேன். எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த வலப்பக்கச் சிலிண்டர் விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கல்யாண வயதில் வீட்டில் பேத்திகள் இருக்கிறார்கள். நாலு பேர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?