கே.ஜி.கண்டிகையில் நின்ற வீடு

பங்காரு: அக்கா, ஒரு நிமிஷம்... இது வண்டியா, வூடா?

புஷ்பலதா: ரெண்டும்தாம்பா. போர்டுல பங்காரு எலக்ட்ரிக்கல்ஸ்னு போட்டிருக்கே, அது நீதானே? சீட்டுக்கு அடியில பொகை வந்துச்சு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு எறங்கி ஓடியாந்தேன்.

பங்காரு: நான்தான்கா. அடுப்பு கீது, கட்டில் கீது, பிரிட்ஜ் வேற... பதினெட்டு வருசமா இந்த ரோட்ல வண்டி ஒயரிங் பாக்கறேன். இப்புடி ஒண்ண பாத்ததே இல்ல.

புஷ்பலதா: பிரிட்ஜ நம்பாத. அது காளஹஸ்தியிலயே போச்சு. இப்ப அதுலதான் துணி வெச்சிருக்கோம்.

பங்காரு: அப்ப பாலு, தயிரு?

புஷ்பலதா: அன்னன்னிக்கு வாங்கறதுதான். தண்ணி மோட்டாரு புத்தூர்ல போச்சு, ஒரு பக்கெட்டு வாங்கினேன். மிக்சி போனப்ப அவரே சொல்லிட்டாரு, சட்னி வாணாம், பொடி போதும்னு.

பங்காரு: டிரைவரு எங்க?

புஷ்பலதா: உன் எதிர்ல நிக்கறேன்.

பங்காரு: ...நீங்களா? இம்மாம் பெரிய வண்டியையா?

புஷ்பலதா: அம்பத்தேழு வயசுல கத்துகினேன். வாயத் தொறந்துகினு நிக்காத, கழட்டு.

கங்காதரன்: யாரு புஷ்பா... மெக்கானிக்கா?

புஷ்பலதா: ஆங். நீங்க பேசாதீங்க... எங்க வூட்டுக்காரரு. ரயில் ஓட்டினவரு.

பங்காரு: வணக்கம் சார்... அக்கா, மூக்குல இன்னா டியூப்பு?

புஷ்பலதா: நுரையீரல் சரியில்ல. ஆக்சிஜன் குடுக்குற மிஷினு கரண்டுல ஓடும். அதான் நின்னுபோச்சு. இப்ப பக்கத்துல கீற சின்ன சிலிண்டர்லதான் கீறாரு.

பங்காரு: எவ்ளோ நேரம் தாங்கும்?

புஷ்பலதா: அரை மணி நேரம் தாராளமா வரும். நீ பதறாம பாரு.

பங்காரு: கடையிலேருந்து ஒயர் இழுக்கலாம்னா, காலைலேருந்து கரண்டு இல்ல. சாயங்காலந்தான் வருமாம்... அய்யய்யோ, சாவியத் தொடாதீங்கக்கா! பேட்டரிலேருந்து இன்வெர்ட்டருக்குப் போற ஒயரு உருகி தகரத்துல ஒட்டிகினு கீது. ஸ்டார்ட் பண்ணா பத்திக்கும்.

புஷ்பலதா: மாத்த முடியாதா?

பங்காரு: கட்டைவெரல் தண்டி ஒயரு வேணும். திருத்தணிதான் போவணும்... இருங்க. என் வெல்டிங் மிஷின்ல கீது. அத வெட்டிகினு வரேன்.

புஷ்பலதா: உன் மிஷின் கெட்டுடுமே?

பங்காரு: மிஷினு மூச்சு வுடறதில்லக்கா.

புஷ்பலதா: ...சீக்கிரம் வா.

பங்காரு: வந்துட்டேன். இந்தா, அளவு சரியா கீது... ச்சே, நட்டு பத்தல. கடைல தேடிகினு வரேன். ரெண்டே நிமிஷம்.

கங்காதரன்: புஷ்பா... சன்னலத் தொற.

புஷ்பலதா: வெயில் அடிக்கும்ங்க.

கங்காதரன்: அடிக்கட்டும்... அதோ, தூரத்துல... திருத்தணி மலை. முப்பத்தோரு வருசம்... ரேணிகுண்டா லைன்ல... போம்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். கும்புடலாம்னு நெனக்கறதுக்குள்ள... சிக்னல் வந்துரும். மலை ஓடிப்பூடும்.

புஷ்பலதா: மெல்லப் பேசுங்க.

கங்காதரன்: இன்னிக்குத்தான்... ஓடாம நிக்குது. எவ்ளோ பெருசு பாத்தியா... நான் இத்தினி நாளா பாத்தது... மலையே இல்ல புஷ்பா.

புஷ்பலதா: ...ஆமாங்க. பெருசுதான்.

கங்காதரன்: உன் கை ஏன்... ஜில்லுனு கீது?

புஷ்பலதா: பக்கெட்டுத் தண்ணில கழுவினேன்.

கங்காதரன்: சிலிண்டரு முள்ளு... எங்க கீது?

புஷ்பலதா: பாதியில.

கங்காதரன்: ஆங்... அப்ப சரி.

பங்காரு: நவுருங்கக்கா. நைனா, கால மடக்கிக்கோங்க. இன்வெர்ட்டரு உங்க கட்டிலுக்கு அடியிலதான் கீது.

கங்காதரன்: நைனாவா... வூட்ல தெலுங்கா?

பங்காரு: ஆங், அம்மாவுக்கு நகரி. நீங்க பேசாதீங்க, நான் பேசறேன். சின்ன வயசுல அங்க ரயில்வே கேட்டாண்ட நின்னு கை காட்டுவோம். ஒரு டிரைவரும் திரும்பிக் காட்டமாட்டாரு. அவ்ளோ திமிரான்னு ஏசிகினே வூட்டுக்குப் போவோம்.

கங்காதரன்: பாத்தோம்பா... எல்லாரையும் பாத்தோம்... கையி வேலைல இருக்கும்.

பங்காரு: ...பாத்தீங்களா? நெஜமாவா? என்னையும் பாத்திருப்பீங்களா?

கங்காதரன்: செவப்பு டவுசரு... ஒருத்தன் குதிப்பான்.

பங்காரு: எல்லாம் செவப்பு டவுசருதான் நைனா... நானும் குதிப்பேன்... முடுக்கியாச்சு. அக்கா, சுவிட்ச போடுங்க.

புஷ்பலதா: போட்டுட்டேன்... முருகா...

பங்காரு: லைட் எரியுது... ஓடுது! மிஷின் ஓடுதுக்கா! டியூப்ப இதுல மாத்துங்க, சீக்கிரம்.

புஷ்பலதா: ஏங்க... காத்து வருதா?

கங்காதரன்: ...

புஷ்பலதா: ஏங்க!

கங்காதரன்: வருது... வருது. மூச்ச இழுத்துகினு இருந்தேன், அதான் பேசல. நல்லா வருது.

பங்காரு: நகமெல்லாம் நீலமா இருந்துச்சே... பாருங்க, நெறம் திரும்புது. என்னா மிஷினுடா சாமி... கண்ணு எதிர்லயே உசுரு ஏறுது.

புஷ்பலதா: ஒண்ணு சொல்லுவேன், திட்டக்கூடாது. முள்ளு பாதியில இல்ல, அரை மணி நேரம்னதும் பொய்தான். நீங்க கேட்டப்பவே சைபருக்கு வந்து நின்னுட்டுது. சொன்னா பயந்துடுவீங்கன்னு...

கங்காதரன்: மூக்காண்ட காத்து நின்னா எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா நீ ஒடஞ்சிடுவ. அதான் கேட்டுகினு, மலையப் பத்திப் பேசிகினு இருந்தேன்.

புஷ்பலதா: தெரிஞ்சேவா... தெரிஞ்சேவா அவ்ளோ பேச்சு பேசினீங்க?

கங்காதரன்: ஆனா மலை பெருசுதான். அது பொய் இல்ல... வுடு, பங்காரு பாவம், ஒண்ணும் தெரியாம நிக்கறான்.

பங்காரு: மொதல்ல எட்டிப் பாத்தப்பவே முள்ளு அடியில கீறத பாத்துட்டேன் நைனா. நட்டு என் பாக்கெட்லயே இருந்துச்சு. உங்க காதுல வுழாம 108-க்கு போன் பண்ணத்தான் கடைக்கு ஓடினேன்... அதோ, சைரன் கேக்குது.