விளக்குமாறு சாத்திய வீடு

என் பெயர் சீர்க்கா ஹுத்துனென். வயது ஐம்பத்தொன்பது. ஈசால்மி நகரில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வசித்து வருகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். ரெய்னோ ஹுத்துனென் என்பவர் என் முன்னாள் கணவர். விவாகரத்தாகிப் பல வருடங்கள் ஆகியும் அவருடைய குடும்பப் பெயரை நான் மாற்றவில்லை. அதற்கென்று ஓர் அலுவலகத்துக்கு அலையத் தெம்பில்லை, வேறு காரணம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொள்ளவும். தார்மோ ரிஸ்ஸானென் என்பவன் என் உடன்பிறந்த தம்பி. சம்பவம் நடந்த ஏரிக்கரை மரவீடு அவனுடையது. போலீஸ் விசாரணைக்கு வரச் சொன்னதன் பேரில் இன்று நானே வந்து இதைச் சொல்கிறேன்.

வடக்கே ஹல்லா மலையில், பனிச்சறுக்கு விடுதியில், மார்ச் மாதம் ஓர் இசைவிழா நடக்கும். நாங்கள் மூவரும் அதற்குப் போக வேண்டும் என்று வருடாவருடம் பேசுவோம். வருடாவருடம் போனதில்லை. ஒரு வருடம் தார்மோவுக்கு முதுகுவலி வரும், ஒரு வருடம் எனக்கு லீவு கிடைக்காது, பேசிப் பேசியே பனி உருகிவிடும். இந்த வருடம் அந்த விழாவின் திறந்த மேடையில் அக்கார்டியன் வாசிக்க ரெய்னோவுக்கு இடம் கிடைத்தது. அவர் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணங்களிலும் ஊர் மன்றத்திலும் டேங்கோ நடன இசை வாசிப்பார். மேடை என்று சொல்லும்படியான மேடையில் அவர் இதுவரை உட்கார்ந்ததில்லை. ஆகவே இந்த முறை உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும் என்று சனிக்கிழமை மதியம் தார்மோவின் மரவீட்டில் மூவரும் கூடினோம்.

முன்னாள் கணவரோடு ஏன் பயணம் என்று அதிகாரி கேட்டார். நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை, அலுத்துப்போய்ப் பிரிந்தவர்கள். டேங்கோ ஆட எனக்கு இந்த ஊரில் அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பேசினோம். காரையும் ஏற்றிக்கொண்டு போகும் ரயிலில் போவது என்று முடிவாகி, அங்கேயே போனில் சீட்டும் எடுத்தோம். காரின் கூரையில் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு ஒரு பெட்டி வேண்டும், அது உயரமாக இருந்தால் ரயிலில் ஏற்ற மாட்டார்கள், அதனால் மறுநாள் நகரத்துக்குப் போய் அளந்து பார்த்து வாங்குவது என்று தீர்மானித்தோம். அதன் பிறகு யார் எந்த அறையில் படுப்பது என்ற பேச்சு வந்தது.

தார்மோ, "மச்சானுக்குத் தனி ரூமு. அவர் விடுற குறட்டைல மலையே சரிஞ்சு வந்துரும்," என்றான். ரெய்னோ சிரித்தார். சிரித்தவுடன் தார்மோவுக்கு நாக்கு நீண்டுவிட்டது. அவன் எப்போதும் அப்படித்தான், ஒருவர் சிரித்தால் நிறுத்தத் தெரியாது.

"அங்க வர்றது பூரா சின்னப் பசங்க மச்சான். முடிய ஆட்டிக்கிட்டு கிட்டார் அடிப்பானுங்க. நடுவுல நீங்க போயி இந்தத் துருத்திப் பெட்டிய இழுத்தீங்கன்னா, யாரோ செத்துட்டாங்கன்னு எல்லாரும் தொப்பியக் கழட்டிருவாங்க."

ரெய்னோ கரண்டியைக் கீழே வைத்தார். மீன் சூப் பாதி அப்படியே இருந்தது. "அப்ப நான் வரல. காலைல கட்டையில சறுக்கி ஏரியத் தாண்டிப் போயி பஸ்ஸப் புடிச்சுக்கிறேன்," என்றார்.

"தமாசுக்குச் சொன்னேன் மச்சான். இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க?"

"உன்மேல கோவமில்லப்பா. தப்பு என்னோடது. கெழவன் ஆசப்படக் கூடாது."

இதைச் சொல்லிவிட்டு அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தப்பு என்னோடது என்ற இந்த வார்த்தையை அதிகாரி ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்தான் முதலில் எழுந்து அடுப்பை மூட்டினேன். கூடத்தில் இருக்கும் பெரிய செங்கல் அடுப்பு அது, அதன் ஒரு பக்கச் சுவர் பின்னறைக்குள் இருக்கிறது. அதன் பிறகு வெளியே போய், சுவரில் சாய்த்திருந்த ரெய்னோவின் பனிச்சறுக்குக் கட்டைகளை எடுத்து நீராவிக் குளியலுக்கான சௌனாக் குடிலுக்குள் ஒளித்து வைத்தேன். அவர் சொன்னபடி கிளம்பிப் போய்விடுவார், கட்டை இல்லாவிட்டால் காபி குடிக்கவாவது உட்காருவார், அதற்குள் சமாதானம் பேசிவிடலாம் என்று நினைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு நானும் தார்மோவும் காபியும் ஏலக்காய் ரொட்டியும் சாப்பிட்டோம். நான் ரெய்னோவை எழுப்பவா என்று கேட்டேன். "தூங்கட்டும் விடு, எழுந்தா மறுபடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு," என்றான். காருக்குக் கூரைப்பெட்டி வாங்கி வந்துவிட்டால் அவர் மனம் மாறும் என்று எனக்கும் தோன்றியது. அதன் பிறகு நான் துண்டுகளை எடுக்கச் சௌனாவுக்குப் போனேன். தார்மோ கார் இன்ஜினைச் சூடாக்கும் ஒயரைப் பிடுங்க வெளியே போனான்.

நான் என் பையை எடுக்க வீட்டுக்குள் திரும்பி வந்தபோது தார்மோ முக்காலி மேல் ஏறி நின்று அடுப்பின் புகைபோக்கியை அடைக்கும் புகைத்தகட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான். என் கண்ணால் பார்த்தேன். விறகு எரிந்து முடிந்ததும் அந்தத் தகட்டை மூடினால்தான் சூடு வீட்டுக்குள் நிற்கும். ஆனால் தணலின் மேல் நீலச் சுடர் ஆடும்வரை மூடக் கூடாது, மூடினால் வாசனையே இல்லாத விஷவாயு வீட்டுக்குள் இறங்கும். எங்கள் ஊரில் நடை பழகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

நான், "நீலம் அடங்கிருச்சா?" என்று கேட்டேன்.

"அடங்கிருச்சு, அடங்கிருச்சு. வீட்ல யாரு இருக்கா? சூடாவது மிஞ்சட்டும். கடை அடைச்சிருவான், வா."

நான் குனிந்து அடுப்பு வாயைப் பார்க்கவில்லை. யாரு இருக்கா என்று அவன் கேட்டதையும் அவசரத்தில் கவனிக்கவில்லை. கூரையில் விஷவாயுவுக்கான அபாய மணி ஒன்று முன்பு இருந்தது. பேட்டரி தீர்ந்து கத்துகிறது என்று இலையுதிர் காலத்திலேயே தார்மோ அதைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டிருந்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

நான் போய்க் காரில் உட்கார்ந்தேன். தார்மோ கதவைச் சாத்தி, விளக்குமாற்றைக் கதவின் குறுக்கே சாய்த்து வைத்துவிட்டு வந்தான். எங்கள் பக்கத்தில் மரவீடுகளுக்குப் பூட்டு போடும் வழக்கம் குறைவு. விளக்குமாறு சாத்தியிருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டின் கதவை யாரும் தட்ட மாட்டார்கள், ஜன்னலில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அது மரியாதை.

கார் கிளம்பிய பிறகு, "ரெய்னோ உள்ள இருக்காரே, விளக்குமாத்தச் சாத்திட்டு வர்றே?" என்று கேட்டேன்.

"எங்க இருக்காரு? கட்டையக் காணோம். விடியறதுக்கு முன்னாடியே கம்பி நீட்டிட்டாரு உன் ஆளு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கட்டையை நான்தான் எடுத்து வைத்தேன் என்று சொல்லியிருந்தால் தார்மோ காரைத் திருப்பியிருப்பான். இன்னும் அவரை விட மனசு வரலையா அக்கா என்று ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டுவான், அதற்குக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்தேன். மேலும், தார்மோ அறைக்குள் பார்த்திருப்பான், ரெய்னோ கோபத்தில் நடந்தே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி முழங்கால் பனியில் நடக்கக்கூடிய ஆள்தான் அவர். தார்மோவோ அறைக் கதவைத் திறக்கவே இல்லை, கட்டை இல்லாததை மட்டும் பார்த்திருக்கிறான். இது பிறகு தெரிந்தது.

அதன் பிறகு நாங்கள் கடையில் பெட்டிகளை அளந்துகொண்டிருந்தபோது எனக்கு போன் வந்தது. பக்கத்து மரவீட்டு எய்லா பேசினார். "சீர்க்கா, ஆம்புலன்ஸ் வந்துட்டுருக்கு. உன் ரெய்னோவப் பனில இழுத்துப் போட்டுருக்கேன். மூச்சு இருக்கு," என்றார். தார்மோ கையில் அளவு நாடாவைப் பிடித்தபடியே நின்றான். பெட்டியை அப்படியே விட்டுவிட்டுக் காருக்கு ஓடினோம்.

எய்லா என்னிடம் சொன்னது பின்வருமாறு. அவர் காலையில் பிடித்த மீனில் எங்களுக்குக் கொஞ்சம் கொடுக்க வந்திருக்கிறார். விளக்குமாற்றைப் பார்த்ததும் படியேறாமலே திரும்பி, ஏரிப் பனியில் துளை போட்ட இடத்துக்குத் தூண்டிலோடு போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்திருக்கிறது. "பாட்டுன்னு சொல்ல முடியாது. மாடு கன்னு போடுறப்ப கத்துமே, அந்த மாதிரி. வெளக்குமாறு சாத்துன வீட்ல பெட்டிச் சத்தம் எப்படி வரும்னு யோசிச்சேன். போறதா வேணாமான்னு கொஞ்சம் நின்னேன், அடுத்தவங்க வீடு பாரு," என்றார். அதன் பிறகு அவர் விளக்குமாற்றை எடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். ரெய்னோ எழுந்திருக்கப் பார்த்து, கால் மடங்கி, பெஞ்சில் இருந்த அக்கார்டியனின் வாரைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். துருத்தி விரிந்து கத்தியிருக்கிறது, பெட்டி அவர் நெஞ்சின் மேல் கிடந்திருக்கிறது.

எய்லாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் எப்படி அந்த உடம்பை இழுத்தார் என்று தெரியவில்லை.

ரெய்னோ இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பேசுகிறார். இடது கை விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. மார்ச்சுக்குள் சரியாகுமா என்று கேட்டேன், டாக்டர் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ரெய்னோ சொன்ன வாக்குமூலத்தை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். புகைத்தகட்டைத் தானேதான் மூடியதாகவும், நடுவில் எழுந்து வந்து மூடிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்ததாகவும் அதில் இருந்தது. நேற்று ஆஸ்பத்திரி நடையில் தார்மோவும் இதையே சொன்னான். அவன் ஷேவ் பண்ணி நாலு நாள் இருக்கும்.

"அக்கா, அவரே சொல்லிட்டாரு. நீ ஒண்ணும் மாத்திச் சொல்லிராத. எனக்கு வேலை போயிரும்."

"நீ அவர்கிட்டப் போயி என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்ல? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே, விடுப்பா தப்பு என்னோடதுன்னுட்டாரு."

பஸ்ஸில் வரும்போது முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் கல்யாணம் முறிந்ததே இந்தக் குணத்தால்தான். சோறு குழைந்தால் தப்பு என்னோடது, நான் கத்தினால் தப்பு என்னோடது, நான் மறந்துபோனால் ஞாபகப்படுத்தாத தப்பு என்னோடது. கேட்பவர்களுக்கு நல்ல மனிதராகத் தெரியும். கூட வாழ்பவளுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட இடம் இருக்காது. எல்லாத் தப்பையும் அவரே எடுத்து வைத்துக்கொள்வார், நான் கைக்கு ஒன்றும் இல்லாமல் நிற்பேன். அப்படி நின்று நின்று அலுத்துத்தான் வெளியே வந்தேன். இப்போது என் தம்பியையும் அப்படியே நிறுத்தியிருக்கிறார். அவன் நாலு நாளாகச் சாப்பிடவில்லை, அவரைப் பார்க்கப் போகிறான், பேசாமல் திரும்பி வருகிறான்.

ஆகவே ரெய்னோ சொன்னது பொய் என்று எழுதிக்கொள்ளவும். தகட்டை மூடியவன் தார்மோ. அறையைப் பார்க்காமல் விளக்குமாற்றைச் சாத்தியவனும் அவனே. கட்டைகளை ஒளித்து வைத்து, காரில் வாய் மூடி உட்கார்ந்திருந்தவள் நான். அபாய மணி இழுப்பறையில் கிடந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். ரெய்னோ செய்தது கோபித்துக்கொண்டு தூங்கியது மட்டும்தான். தம்பிக்கு என்ன தண்டனை வரும் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் இதை அவனிடம் நானே சொல்வேன். இதை ரெய்னோவுக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கோபப்படுவார், படட்டும். அவர் எங்கள் மேல் கோபப்பட்டு ஒருநாளாவது பார்க்க வேண்டும்.

பயணத்தை ரத்து செய்துவிட்டீர்களா என்று கடைசியாக அதிகாரி கேட்டார். இல்லை. ரயில் சீட்டு மூன்றும் அப்படியே இருக்கின்றன. அக்கார்டியனில் பாட்டு வலது கையில் இருக்கிறது, இடது கை துருத்தியை இழுக்க வேண்டும். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து துருத்தியை இழுத்தால் திறந்த மேடையில் அனுமதிப்பீர்களா என்று விழா நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இதுவரை சொன்னதை அதிகாரி எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் "துரதிர்ஷ்டவசமாக" என்று இருந்தது. அது நான் சொன்ன வார்த்தை இல்லை என்பதால் அடிக்கச் சொன்னேன், அடித்தார். மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சீர்க்கா ஹுத்துனென்