கொக்கின் இடது கால்

எண்ணெயைக் கையில் விட்டு, சூடு பறக்கத் தேய்த்த பிறகுதான் இன்னொருவர் உடம்பைத் தொட வேண்டும். சில்லென்று கை வைத்தால் தசை பயந்து சுருங்கிவிடும். பிறகு என்ன தேய்த்தாலும் இளகாது. உங்கள் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சார். வலது பக்கம் இறுகிக் கிடக்கிறது. குனிந்தே எழுதுகிறீர்கள்.

நான் ஃபுட்பால் கிளப்பில் மசாஜ் செய்கிறவன். ஆட்டக்காரர்கள் என்னை ‘எண்ணெய்’ என்று கூப்பிடுவார்கள். வருத்தமில்லை. அங்கே எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எங்கள் அணியில் கோல் அடிக்கிறவன், அவனுக்குக் கொக்கு. கால்கள் அத்தனை நீளம்.

அவனுடைய இடது கால் உடைந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டால் அது கால் ஆகிவிடாது. கட்டுப் பிரித்து என் மேஜையில் கிடத்தியபோது முழங்காலுக்குக் கீழே சதையே இல்லை, வெறும் குச்சி. அவன் அதைப் பார்க்க மாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இது என் காலே இல்லண்ணே.”

“உன் கால் இல்லடா, என் கால். கொஞ்ச நாள் எங்கிட்ட விட்டு வை.”

அழுதுகொண்டே சிரித்தான். மறு சீசன் தொடங்கும் வரை காலையும் மாலையும் அந்தக் காலோடுதான் இருந்தேன். நரம்பு எங்கே ஓடுகிறது, எங்கே தொட்டால் கூசும், மழை நாளில் எந்த இடம் கடுக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. கிளப் டாக்டர் எப்போதாவது கதவைத் திறந்து தலையை நீட்டி, “எப்படிப் போகுது?” என்பார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

அந்த கோலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்னாலிருந்து தோளுக்கு மேலே வந்த பந்தைத் தரையில் விழவிடாமல், திரும்பாமல், இடது காலால் ஒரே அடி. கோல்கீப்பர் அசையவே இல்லை. மைதானமே பந்தைப் பார்த்தது. நான் கெண்டைக்காலைப் பார்த்தேன். நான் வளர்த்த தசை ஒவ்வொன்றும் அதனதன் வேலையைச் செய்தது.

லீக்கில் வருஷா வருஷம் சிறந்த கோலுக்கு விருது கொடுப்பார்கள். ரசிகர்கள் ஓட்டுப் போட வேண்டும், பழைய ஆட்டக்காரர்கள் முடிவு செய்வார்கள். அவனுடைய கோல் கடைசிச் சுற்றுக்கு வந்ததும் நானும் ஓட்டுப் போட்டேன். ஊரில் இருக்கும் அக்காவுக்கு ஃபோன் செய்து அவள் வீட்டில் எல்லோரையும் போட வைத்தேன்.

“மேடையில உன் பேரச் சொல்லுவான்ல?” என்று அக்கா கேட்டாள்.

“சொல்லாம எப்படி?”

“பக்கத்து வீட்டுக்காரங்களையும் டிவி முன்னாடி உக்கார வைக்கிறேன். சும்மா சும்மா என் தம்பி பந்து பொறுக்குறானான்னு கேக்குறாங்க.”

விழாவுக்கு இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். எனக்கும் சட்டை துவைக்கிறவருக்கும் கடைசி மேஜை. அவன் பெயரை அறிவித்ததும் சுற்றி எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவன் அம்மாவுக்கு நன்றி சொன்னான், மனைவிக்குச் சொன்னான், கோச்சுக்குச் சொன்னான். “எனக்குத் திரும்பவும் காலைக் குடுத்த எங்க டாக்டருக்கு” என்றான். டாக்டர் எழுந்து நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பாதி எழுந்திருந்தேன். அப்படியே உட்கார்ந்தேன்.

அக்கா ஃபோன் செய்தாள். “நடுவுல விளம்பரம் போட்டுட்டான்டா. அப்பத்தான் சொல்லியிருப்பான் போல,” என்றாள். நான் ஆமாம் என்றேன்.

மறுநாள் விருதை டிரெஸ்ஸிங் ரூமுக்குக் கொண்டுவந்து என் மேஜைமேல்தான் வைத்தார்கள். சுற்றி நின்றார்கள். “எண்ணெய், நீ கொஞ்சம் தள்ளு. இல்ல இல்ல, நீயே எடு,” என்று ஒருவன் ஃபோனை என் கையில் கொடுத்தான். எடுத்தேன். நல்ல படம். எல்லோர் தலையும் விழுந்தது.

நான் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அதற்குப் பிறகும் அவனைத் தினமும் தேய்த்துவிட்டேன்.

போன வாரம் வெளியூர் ஆட்டத்தில் அவனுக்குக் கெண்டைக்காலில் உதை விழுந்தது. அதோடு விமானத்தில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து வந்திருக்கிறான். மறுநாள் காலை என்னிடம் வந்து படுத்தான். இடது கால் வலதைவிடத் தடித்திருந்தது. தொட்டால் சூடு. தோல் பளபளவென்று இழுத்து நின்றது. பாதத்தை முன்னால் வளைத்தேன். பல்லைக் கடித்தான்.

இந்தத் தொழிலுக்கு வந்ததும் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். இப்படி ஒரு காலைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகரும். நகர்ந்தால் மேலேதான் போகும், நுரையீரலுக்கு. எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும், சார். நன்றாகத் தெரியும்.

“டாக்டர்கிட்ட காட்டவாண்ணே? பக்கத்து ரூம்லதான் காப்பி குடிச்சிட்டு இருக்காரு.”

“எதுக்கு? ஸ்கேன் அது இதுன்னு அலைய விடுவாரு, ஞாயித்துக்கிழமை நீ பெஞ்சுல உக்காந்திருப்ப. வெறும் பிடிப்புடா. நான் பாத்துக்கிறேன்.”

எண்ணெயைச் சூடாக்கினேன். கணுக்காலிலிருந்து மெல்ல மேலே ஏற்றினேன். வலித்தது, பொறுத்துக்கொண்டான். என் கையை அவ்வளவு நம்பினான்.

பாதியில் தலையைத் தூக்கிப் பேசினான். “அண்ணே, அன்னைக்கு மேடையில உங்க பேர விட்டுட்டேன். லைட்டப் பாத்ததும் ஒண்ணுமே ஞாபகம் வரல. வீட்டுக்காரி இன்னும் காறித் துப்புறா. பிள்ளை பொறந்ததும் உங்க மடியிலதான் முதல்ல வைக்கணும்னு சொல்லிட்டா.”

அப்போது என் கை முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு இருந்த கொஞ்ச வருத்தமும் போய்விட்டது. “விடுடா, அதெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன்,” என்றேன். ஆனால் ஒரு வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை. தொடை வரைக்கும் ஏற்றி முடித்தேன். கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ இளகியது போல இருந்தது. அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

இறங்கிக் காலை ஊன்றிப் பார்த்தான். “பறக்கலாம் போல இருக்குண்ணே,” என்றான். மைதானத்துக்குப் போகும் படியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். உதடு நீலமாகிவிட்டது. தலையை என் மடியில் தாங்கிக்கொண்டது நான்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் என் கையை விடவில்லை.

நீங்கள் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்வீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். இன்றைய பத்திரிகையைப் பார்த்தேன். டாக்டரின் கவனக்குறைவால் போன உயிர் என்று அவர் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். டிவியிலும் அவர் பெயர்தான்.

டாக்டர் நல்லவர்தான், சார். ஆனால் அந்தக் காலை அவர் ஒருநாள்கூடத் தொட்டதில்லை.