என் பெயரில் பேசும் எண்

வானதி, வயது 36, கணவர் பெயர் பிரபு, நீடாமங்கலம் ரயிலடி மேலத்தெருவில் குடியிருப்பவர், அறுவடை மெஷின்களுக்குப் பதிவு எடுக்கும் தொழில் செய்பவர், மேலக்கொத்தூர் முருகையன் கொடுத்த மனு தொடர்பாகக் காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகிச் சொன்ன விவரம்:

நான் மேற்கண்ட முகவரியில் என் மகளுடன் வசித்து வருகிறேன். என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நான் கணினிப் படிப்பு முடித்தவள். குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் ஆத்தூர், பெரம்பலூர் பக்கமிருந்து இங்கே வரும் மெஷின்களை, தேவைப்படும் விவசாயிகளுக்கு அனுப்பிவைக்கும் வேலையை ‘வானதி அறுவடை’ என்ற இணையதளம் மூலம் செய்து வருகிறேன். விவசாயிகள் போனில் மெஷின் வாடகைக்கு என்று தேடினால் என் தளம்தான் முதலில் வரும். அதைப் பார்த்து என்னைக் கூப்பிடுவார்கள். நான் யாரிடமும் முன்பணம் வாங்குவதில்லை. அறுத்து முடித்த பிறகு வயலிலேயே மெஷின்காரரிடம் வாடகையைக் கொடுத்துவிடுவார்கள், அதில் எனக்குச் சேர வேண்டியதை மெஷின்காரர் தருவார்.

சென்ற ஆண்டு சம்பாவுக்கு நாற்றுவிட்ட சமயத்தில், தேடுபொறி நிறுவனம் தளங்களை வரிசைப்படுத்தும் முறையை மாற்றியதாகச் செய்தி வந்தது. படித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு எனக்கு அழைப்புகள் வருவது நின்றுபோனது. நானே தேடிப் பார்த்ததில் முதல் பக்கத்தில் என் தளம் இல்லை. திரையைத் தள்ளிக்கொண்டே போனதில், பழைய டிராக்டர் விற்பனை விளம்பரங்களுக்கெல்லாம் கீழே கிடந்தது. தஞ்சாவூரில் இணையதள வேலை செய்யும் ஆஸிம் என்பவரிடம் போய்க் காட்டினேன். அவர், "ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கீங்க. ஊர்ப் பேரு மட்டும்தான் மாறுது, மத்ததெல்லாம் ஒண்ணு. இந்த மாதிரிப் பக்கங்களைத்தான் இப்ப கீழ தள்றாங்க" என்றார். விவசாயிகள் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவதால் நான் அப்படிச் செய்திருந்தேன். முன்பு என் தளம் மேலே வந்ததே அதனால்தான். அவர் சொன்னபடி அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு வேறு மாதிரி எழுதிப் போட்டேன். தளம் மேலே வரவில்லை. மறுபடி கேட்டதற்கு, "அடுத்த மாற்றம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்க்கா. அது எப்பன்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

பொங்கல் முடிந்த பிறகு என் பெயரையே போட்டுத் தேடினேன். அதே பெயரில் வேறொரு தளம் முதலில் வந்தது. நான் மெஷின் முன்னால் நிற்கும் படம் அதில் இருந்தது. அது என் மகள் எடுத்த படம். என் முகவரியும் இருந்தது. போன் நம்பர் மட்டும் வேறு. முன்பணம் அனுப்பினால்தான் பதிவு என்று எழுதியிருந்தது. அன்றே தேடுபொறி நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். தானாக வரும் பதில் ஒன்று வந்தது, அதற்கு மேல் எதுவும் வரவில்லை. அதன் பிறகு சைபர் குற்றப் பிரிவுக்கும் இணையத்தில் புகார் பதிந்தேன். அதன் பிறகு பணம் கட்டி விளம்பரம் போட்டு என் தளத்தை மேலே கொண்டுவந்தேன். அவர்களும் விளம்பரம் போட்டு எனக்கு மேலே போய்விட்டார்கள். பெயரை மாற்றிவிடு என்று கணவர் போனில் சொன்னார். மாற்றினால் அந்தப் பெயர் முழுக்க அவர்களுடையதாகிவிடும், என் முகமும் வீட்டு விலாசமும் அதிலேயே இருக்கும் என்று சொன்னேன். அவர், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

தை மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. அறுப்புக்கு நின்ற பயிரெல்லாம் சாய்ந்தது. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் நேரடியாகக் கூப்பிட்டதால், அவர் வயலில் மெஷின் இறங்க வழி இருக்கிறதா என்று பார்க்க மேலக்கொத்தூருக்கு ஸ்கூட்டியில் போனேன். நெல் கொள்முதல் நிலையத்தின் எதிரே சில பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் வந்து வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தார். அவர் பெயர் அமிர்தம், குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நீதானே வானதி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே சாவியை எடுத்துக்கொண்டார்.

"முன்பணத்தை வாங்கிக்கிட்டு இன்னிக்கு வருது, நாளைக்கு வருதுன்னே சொல்றீங்க. கதிரெல்லாம் தண்ணியில கெடக்கும்மா."

"அந்த நம்பர் என்னோடது இல்லீங்க. எம்பேரை யாரோ போட்டு ஏமாத்துறாங்க. நான்தான் நிஜ வானதி."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார்.

நான் அவர் போனை வாங்கி என் தளத்தைத் தேடிக் காட்டினேன். அது வருவதற்கு வெகுதூரம் தள்ள வேண்டியிருந்தது. சிக்னலும் சரியாக இல்லை. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "இவ்வளவு கீழ கெடக்கறதை எவன் பார்ப்பான்? இதுதான் டூப்பா இருக்கும்" என்றார். அதன் பிறகு நான் சொன்ன எதையும் அவர்கள் கேட்கவில்லை. என்னைச் சாக்கு அடுக்கியிருந்த கொட்டகைக்குள் போகச் சொல்லி, வெளியே தாழ் போட்டார்கள். மெஷின் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, தப்பான வார்த்தை பேசவில்லை. என் போனையும் பிடுங்கவில்லை. மகள் பள்ளி விட்டு வரும் நேரம் என்பதால் பக்கத்து வீட்டு அனீஸாவுக்குப் போன் செய்து பார்த்துக்கொள்ளச் சொன்னேன். எங்கே இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. போலீசுக்கும் சொல்லவில்லை. சொன்னால் இந்தப் பக்கத்து ஊர்களுக்குள் மறுபடி நான் தொழிலுக்குப் போக முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து அமிர்தம் ஜன்னல் கம்பி வழியாக ஒரு கதிரை உள்ளே நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். நெல் மணிகளில் வெள்ளையாக முளை விட்டிருந்தது.

அதன் பிறகு என்னிடம் வழக்கமாக வரும் மெஷின் டிரைவர் வேம்புவைக் கூப்பிட்டேன். சேற்றில் இறங்கும் செயின் மெஷின் அவரிடம் இருந்தது. விவரம் கேட்டுவிட்டு வேம்பு, "அக்கா, இப்ப நான் வந்து அறுத்தா, நீங்க பணம் வாங்குனதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். யோசிச்சுக்குங்க" என்றார். தெரியும், வா என்றேன். அவர் வந்து இருட்டுவதற்குள் அமிர்தத்தின் வயலை அறுத்து முடித்தார். வாடகையை நான் கொடுத்தேன். கதவைத் திறந்தார்கள். அமிர்தம் சாவியைக் கொடுக்கும்போது, "கேட்டப்பல்லாம் வராத மெஷினு, ஆளைப் பிடிச்சு வச்சதும் வருது பாரு" என்றார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னை அடைத்து வைத்தது பற்றி அந்த ஊர்க்காரர்கள் மேல் புகார் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் அதே ஊர் முருகையன், தானும் முன்பணம் அனுப்பியதாகவும், நான் அமிர்தத்துக்கு மட்டும் அறுத்துக் கொடுத்து மற்றவர்களை ஏமாற்றிவிட்டதாகவும், அறுத்துக் கொடுத்ததே நான் பணம் வாங்கியதற்கு அத்தாட்சி என்றும் மனு கொடுத்திருப்பதாக இன்று இங்கே படித்துக் காட்டினார்கள். பணம் வாங்காதவர் ஏன் மெஷின் அனுப்ப வேண்டும் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். நெல் முளைத்துக்கொண்டிருந்தது, அதனால் அனுப்பினேன் என்று சொன்னேன். அது காரணமா என்று மறுபடி கேட்டார். அதுதான் காரணம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு சப்-இன்ஸ்பெக்டர் தன் போனில் தேடி, முதலில் வந்த தளத்தின் நம்பரைக் கூப்பிட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தார். ஒரு பெண் எடுத்து, "வணக்கம்ங்க, வானதி பேசறேன். எந்த ஊருக்கு மெஷின் வேணும், சொல்லுங்க" என்றார். எங்கேயிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "நீடாமங்கலம்ங்க, ரயிலடி மேலத்தெரு" என்றார். நிதானமாக, மரியாதையாகப் பேசினார். இரைச்சல் எதுவும் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் ஆதார் அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

விசாரணை முடியும் வரை என் தளத்தை நிறுத்திவைக்கும்படி சொன்னார். நான் நிறுத்தினால் அந்தப் பெயரில் அவர்களுடையது மட்டும்தான் இருக்கும் என்றேன்.

"அது எங்க கையில இல்லம்மா. மேல எழுதியிருக்கோம். உங்களுது உங்க கையில இருக்கு" என்றார்.

அவர் முன்னிலையிலேயே என் தளத்தை நிறுத்தினேன். இனிமேல் ‘வானதி அறுவடை’ என்று தேடினால் ஒரே ஒரு தளம்தான் வரும். அது என்னுடையது அல்ல.

இதில் எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாருடைய கட்டாயமும் இல்லாமல் நான் சொன்னது இது, எல்லாம் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்)
பி. வானதி